மூக்கிரட்டையா, சாரணையா? மழைக்குப் பின் தரையில் படர்ந்திருக்கும் இரண்டு செடிகள்

வெள்ளகோவில் கொறங்காட்டுக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளகோவிலுக்கும் காங்கேயத்துக்கும் இடையில் எங்களுக்கு 4 ஏக்கர் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருக்கிறது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும்தான், உழவு கிடையாது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த பிறகு, போன கோடையில் ஆட்டுப்பட்டி போட்டிருந்த இடத்தில் இரண்டு வகைச் செடிகள் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டன. இரண்டும் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. இரண்டின் தண்டிலும் சிவப்பு ஓடுகிறது. இரண்டிலும் ஒரு கணுவில் எதிரெதிராக இருக்கும் இலைகளில் ஒன்று பெரியதாகவும் மற்றொன்று சிறியதாகவும் இருக்கிறது.

எங்கள் அம்மிச்சி இருந்தவரை இந்தக் குழப்பமே எழுந்ததில்லை. மழைக்கு மறுவாரம் மடியில் சேலையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால், திரும்பும்போது ஏழெட்டு வகைக் கீரை அதில் இருக்கும். எதை எதனால் பறித்தார் என்று நாங்கள் ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது என் பெரியம்மா ஒன்றைக் காட்டிச் சாரணை என்கிறார். அதையே பக்கத்துக் காட்டுக்காரர் மூக்கரட்டை என்கிறார். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் இரண்டும் ஒன்றுதான், எதைப் போட்டாலும் கேட்கும் என்கிறார்கள். காணொளிகளில் ‘சமமில்லாத இரண்டு இலை இருந்தால் அது மூக்கிரட்டை’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். என் காட்டில் இரண்டு செடிக்கும் அந்த அடையாளம் பொருந்துகிறதே!

இதை நான் அறிந்துகொள்ள விரும்புவதற்குக் காரணம் உண்டு. 64 வயதாகும் என் தாயாருக்கு நான்கு மாதங்களாக மாலை வேளையில் பாதம் வீங்குகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மூக்கிரட்டை வேரைக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் நீர் இறங்கி வீக்கம் வடியும் என்று பலரும் சொல்கிறார்கள். எந்தச் செடி சரியானது, சமைத்துத் தரலாமா, கஷாயம் என்றால் எவ்வளவு என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோபி ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்:

தம்பி, வணக்கம். உங்கள் ஐயம் நியாயமானது. அந்தக் காணொளிகளில் சொல்லப்படும் அடையாளம்தான் போதாதது. சமமில்லாத இலை இணை மூக்கிரட்டைக்கும் உண்டு, சாரணைக்கும் உண்டு. அதை மட்டும் வைத்துக்கொண்டு பறித்தவர்கள் பலர் சாரணையை மூக்கிரட்டை என்றே ஆண்டுக்கணக்கில் சமைத்து வந்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை கூட அல்ல. மூக்கிரட்டையின் அறிவியல் பெயர் போயர்ஹாவியா டிஃப்யூசா. நம் வாசலில் இருக்கும் அந்திமந்தாரையும் காகிதப்பூவும் அதற்கு உறவு. சாரணையின் பெயர் ட்ரையாந்திமா போர்ட்டுலகாஸ்ட்ரம். பருப்புக்கீரையின் பேரினமான போர்ட்டுலகாவைப் போன்றது என்பதால் பின்னொட்டாக அந்தப் பெயர் வந்தது. குழப்பம் உங்கள் காட்டில் மட்டும் இல்லை, பெயர் வைத்தவர்களின் காலத்திலிருந்தே அதற்குச் சாயல் தேடியிருக்கிறார்கள்.

முதலில் தண்டை ஒடித்துப் பாருங்கள். சாரணையின் தண்டு பருத்து, நீர் கோத்து, வெண்டைக்காய்க் காம்பு ஒடிவதுபோல் சட்டென்று ஒடியும். ஒடித்த விரலில் ஈரம் ஒட்டும். மூக்கிரட்டையின் தண்டு ஒல்லியானது, கணுக்களில் மட்டும் சற்றே புடைத்திருக்கும், இழுத்தால் நார் போல இழுபடும். பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள். மூக்கிரட்டை இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் பூசியதுபோல் வெளுத்திருக்கும். விளிம்பு நேராக ஓடாமல் அலை அலையாக நெளியும், பல இலைகளில் அந்த விளிம்பில் மெல்லிய செங்கோடும் தெரியும். சாரணை இலை தடித்தது, நுனி வட்டமானது, பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே பச்சை.

ஆனால் இலையையும் தண்டையும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். மண்ணில் ஈரமும் எருவும் மிகுந்தால் மூக்கிரட்டையும் கொழுத்து நிற்கும்; வறட்சியில் சாரணையும் மெலிந்துவிடும். உங்கள் இடம் ஆட்டுப்பட்டி போட்ட இடம் என்பதால் இது இன்னும் கூடுதலாகவே நடக்கும். பூவுக்காகக் காத்திருங்கள்.

சாரணைக்குப் பூ வெளியே நீட்டிக்கொண்டு வராது. இலைக்காம்பின் அடி அகன்று ஒரு சிறு பை போலத் தண்டைத் தழுவியிருக்கும்; அந்தப் பைக்குள் பாதி புதைந்தபடி ஒற்றைப் பூ, காம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும். நிறம் வெண்மை அல்லது இளஞ்சிவப்பு. காலையில் சில மணி நேரம் மட்டுமே விரியும் என்பதால் பலர் அதைப் பார்த்ததே இல்லை. மூக்கிரட்டையோ நீண்ட மெல்லிய காம்புகளைக் கிளை கிளையாக நீட்டி, ஒவ்வொரு நுனியிலும் மிகச் சிறிய செவ்வூதாப் பூக்களைக் கொத்தாக வைத்திருக்கும். ஒரு பூ கடுகைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்சு கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். அந்திமந்தாரையைச் சுருக்கி வைத்ததுபோல் இருக்கும்.

காய் இன்னும் உறுதியான சான்று. மூக்கிரட்டையின் காய் தலை பருத்த சிறு கதாயுதம் போன்றது, நீளவாட்டில் 5 விலா ஓடும், மேலெல்லாம் பசை சுரக்கும் நுண்மயிர்கள். அந்தச் செடிக்குள் நடந்து வந்தால் வேட்டிக் கரையிலும் கெண்டைக்காலிலும் அவை ஒட்டிக்கொண்டு வரும். பசையைத்தான் அது கால் நடையாக ஊர் சுற்றப் பயன்படுத்துகிறது. பட்டி ஆடுகள் படுத்த இடத்தில் அது முளைத்திருப்பதற்கும் இதுவே காரணம். சாரணையின் காய்க்கு மூடி உண்டு. அது கழன்றால் உள்ளே கறுத்த, சிறுநீரக வடிவ விதைகள் இருக்கும். ஒட்டாது.

ஐயம் தீரவில்லை என்றால் ஒரே ஒரு செடியை மட்டும் ஈரம் இருக்கும்போது தோண்டிப் பாருங்கள். மூக்கிரட்டை பல ஆண்டு வாழும் செடி. விரல் பருமனில் கிழங்கு போன்ற ஆணிவேரை ஆழமாக இறக்கியிருக்கும். கோடையில் மேலே காய்ந்து காணாமல் போய், முதல் மழைக்கு அந்த வேரிலிருந்து மறுபடி துளிர்ப்பதால்தான் வடமொழியில் அதற்கு ‘மீண்டும் புதியது’ என்னும் பொருளில் புனர்நவா என்று பெயர். சாரணை ஒரு பருவத்துச் செடி, மெல்லிய வேர்தான்.

இந்த இரண்டின் நடுவே பருப்புக்கீரையும் கலந்திருக்கக்கூடும். அதன் பூ மஞ்சள், இலை சிறு கரண்டி போன்றது. அதுவும் உண்ணத்தக்கதே. ஆனால் தரையில் படரும் எந்தச் செடியைக் கிள்ளினாலும் பால் வடிந்தால் அதைக் கீரைக்கூடையில் போட வேண்டாம். அது பெரும்பாலும் அம்மான் பச்சரிசி இனத்ததாக இருக்கும்.

பூ, காய், வேர் மூன்றும் உள்ள ஒரு கொப்பைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் 1955 முதல் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. நம் பகுதியின் செடிகளை உலர்த்திச் சேகரித்து வைத்திருக்கும் இடம் அது. பச்சையாகக் கிள்ளி எடுத்துச் செல்வதைவிட, முறையாக உலர்த்திய மாதிரியைக் கொண்டு எந்தத் தாவரவியலாளரிடமும் தெளிவான விடை பெறலாம்.

மருத்துவப் பயன்பாட்டைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அது என் துறை அல்ல.

சென்னிமலை அடுப்படி:

அண்ணா, ஆசிரியர் ஐயா சொன்னபடி அடையாளம் தெரிந்த பிறகு சமையலுக்கு நான் அறிந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஆத்தா சொல்லிக்கொடுத்தது இது. முப்பது ஆண்டுகளாக நானும் அப்படியே செய்கிறேன்.

மூக்கிரட்டையைத் தனிக்கீரையாக நாங்கள் ஆக்குவதில்லை. அதற்கு மண் வாசமும் மெல்லிய கைப்பும் உண்டு. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை, கிடைத்தால் கொஞ்சம் சுக்குட்டிக்கீரை என்று பல கீரை மூன்று பங்கு இருந்தால், அதில் மூக்கிரட்டை ஒரு பங்கு. கொடியின் நுனியிலிருந்து நான்கு விரல்கடை மட்டும் கிள்ள வேண்டும். அதற்குக் கீழே நார்தான். பூங்கொப்பு வந்துவிட்ட கிளையை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் அந்தப் பசைக்காய் ஒன்றிரண்டு சட்டிக்குள் விழுந்தாலும் வாயில் தட்டும். படர்ந்து கிடக்கும் கீரை என்பதால் இலையின் அடியில் மணல் ஒட்டியிருக்கும். அகலப் பாத்திரத்தில் நீர் நிறைத்து, கீரையை மிதக்கவிட்டு அள்ளி, அடியில் மணல் தங்குவது நிற்கும்வரை நீரை மாற்ற வேண்டும். எனக்கு நாலு தண்ணீர் ஆகும்.

துவரம்பருப்பை முக்கால் பதத்துக்கு வேகவிட்டு, அதில் சின்ன வெங்காயம், ஆறேழு பல் பூண்டு, சீரகம், இரண்டு வரமிளகாய், ஒரு நாட்டுத் தக்காளி, பிறகு கீரை. மூடாமல் வேகவிட்டால் பச்சை நிறம் மாறாது. நீர் சுண்டியதும் உப்புப் போட்டு மண்சட்டியிலேயே மத்தால் கடைந்துவிட வேண்டும். மிக்சியில் அரைத்தால் பசை போலாகி, கீரையின் சுவை போய்விடுகிறது. கடுகும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டி, ராகிக் களியின் நடுவில் குழி பறித்து இந்தக் கடைசலை ஊற்றிச் சாப்பிடுவோம். கம்பஞ்சோற்றுக்கும் பொருந்தும்.

சாரணையையும் நம் பக்கத்தில் உண்பதுண்டு, ஆனால் அதற்கு வேறு முறை. பூக்கும் முன் இளங்கொழுந்தாகப் பறித்து, கொதிநீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிழிந்து, தேங்காய்ப்பூப் போட்டுப் பொரியல் செய்வோம். ஒரு முறை மழை தள்ளிப்போன ஆண்டில் கீரைக்கு ஆசைப்பட்டு முற்றிய சாரணையைப் பறித்து, வேகவைத்த நீரையும் வடிக்காமல் ஆக்கிவிட்டேன். வீட்டில் நான்கு பேருக்கும் அன்றிரவு வயிற்றுப்போக்கு. அதன் பிறகு முற்றிய சாரணை என் அடுப்புக்கு வந்ததில்லை.

எங்கே பறிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். மக்காச்சோளக் காட்டு வரப்பிலும் புகையிலைக் காட்டு ஓரத்திலும் களைக்கொல்லியோ பூச்சி மருந்தோ அடித்திருப்பார்கள். செடி பார்வைக்குச் செழிப்பாகவே நிற்கும். நெடுஞ்சாலை ஓரமும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றிச் சாயக்கழிவு நீர் ஏறிய நிலங்களில் நான் எந்தக் கீரையையும் கிள்ளுவதில்லை. உங்கள் கொறங்காடு உழவும் மருந்தும் அறியாத நிலம். கீரை பறிக்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது, அண்ணா.

பவானிக்கரை சித்த மருத்துவர்:

கொறங்காட்டுக்கார நண்பருக்கு வணக்கம். கஷாய அளவு என்னவென்று கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கே நான் எழுதப்போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மூக்கிரட்டை வெறும் நம்பிக்கை மருந்து அல்ல. சமூலம், அதாவது வேர் முதல் பூ வரை செடி முழுவதும், சிறப்பாக வேர், சிறுநீரைப் பெருக்கவும் வீக்கத்தை வடிக்கவும் சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இச்செடியில் பொட்டாசியம் நைட்ரேட் உள்ளிட்ட பொட்டாசிய உப்புகள் உள்ளன என்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது; நீரை இறக்கும் குணத்துக்கு அவையும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. பயன் இருக்கும் இடத்தில்தான் தீங்கும் இருக்கிறது. சிறுநீரகம் நலிந்தவர் உடலில் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். அது அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் இயல்பாகவே பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தக்கூடியவை; அவற்றைச் சாப்பிடுபவர் இக்கஷாயத்தையும் குடித்தால் இரண்டும் ஒரே திசையில் தள்ளும். ‘கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, டயாலிசிஸ் வேண்டாம், மூக்கிரட்டை போதும்’ என்று பரவும் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. யாருக்கு இது ஆகாதோ அவர்களையே தேடிப்பிடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, வீக்கம் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. இதயம் தளர்ந்தாலும் பாதம் வீங்கும். சிறுநீரகத்தில் புரதம் ஒழுகினாலும், ஈரல் கெட்டாலும், தைராய்டு குறைந்தாலும், இரத்தம் சுண்டினாலும், காலின் சிரைகளில் வால்வு பழுதானாலும் வீங்கும். காரணம் தெரியாமல் நீரை மட்டும் இறக்கினால், காட்டும் அறிகுறியை அழித்துவிட்டு நோயை உள்ளே விட்டுவைத்ததாகும். ஆகவே முதலில் சிறுநீரில் புரதம், இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அத்துடன், அவர் சாப்பிடும் இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் என்ன, அதை எப்போது தொடங்கினார் என்பதையும் பார்த்து இங்கே எழுதுங்கள். அம்லோடிபின் என்னும் மாத்திரை சிலருக்குக் கணுக்காலில் வீக்கத்தை உண்டாக்கும். அது நீர் மிகுந்து வரும் வீக்கம் அல்ல, நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிவதால் கசிந்து வருவது. அதற்கு நீரிறக்கும் மருந்து பெரிதாக உதவாது, மூக்கிரட்டையும் அப்படியே. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது; எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே பேச வேண்டும்.

கருவுற்ற பெண்கள் இவ்விரு செடிகளையும் மருந்தாக எடுக்கக் கூடாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இரண்டையுமே தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் இரண்டிலும் கல் உருவாகத் துணைபோகும் ஆக்சலேட்டு என்னும் உப்பு உண்டு. சாரணையில் அது மிகுதி. சென்னிமலை அம்மா வேகவைத்த நீரை வடித்துவிடச் சொன்னது பொருளுள்ள வழக்கம்; கரையும் ஆக்சலேட்டில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. நலமாக உள்ளவர் வாரத்தில் ஓரிரு நாள் கலவைக் கீரையில் ஒரு கைப்பிடி மூக்கிரட்டை சேர்த்து உண்பது உணவு. வேரைச் சுண்டக் காய்ச்சிக் குடிப்பது மருந்து. அந்த மருந்துக்கு அளவு, துணைமருந்து, நாள் கணக்கு எல்லாம் நாடி பார்த்து, பரிசோதனை முடிவையும் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டியவை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன.

கடைக்காரர் இரண்டும் ஒன்று என்று சொன்னதற்கும் ஒரு பின்னணி உண்டு. சந்தையில் உலர்ந்த மூக்கிரட்டை என்று விற்கப்படும் சரக்கில் சாரணை கலந்து வருவது பல ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிய செய்தி. காய்ந்து நறுக்கிய பின் பூவும் இல்லை, காயும் இல்லை; ஆசிரியர் சொன்ன அடையாளங்களில் பாதி அங்கே போய்விடுகிறது. உங்கள் காட்டிலேயே உயிருள்ள செடி இருக்கும்போது பொட்டலத்தை நம்ப வேண்டியதில்லை.

வெள்ளகோவில் கொறங்காட்டுக்காரர்:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்தருளுங்கள். எல்லாம் தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி பூவுக்காகக் காத்திருந்தேன். பட்டியின் மேற்குப் பக்கத்தில் இருந்த செடியில் காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து பார்த்தபோது, இலைக்காம்பின் அடியில் இருந்த பையிலிருந்து வெள்ளைப் பூ எட்டிப் பார்த்தது. பதினொரு மணிக்கெல்லாம் மூடிக்கொண்டது. அதுதான் சாரணை. கிழக்குப் பக்கத்துச் செடிக்குள் நடந்து வந்தபின் வேட்டியைப் பார்த்தால், கரை ஓரம் முழுவதும் எள்ளைத் தூவியதுபோல் காய்கள். ஒன்றைப் பிய்த்தால் விரலில் ஒட்டியது, அந்த விரலை உதறினால் மற்ற விரலில் ஒட்டியது. ஒரு செடியை மட்டும் தோண்டினேன். கடப்பாறை முழம் ஆழம் போயும் வேர் முடியவில்லை. பெரியம்மாவும் பக்கத்துக் காட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கத்தில் நின்றபடி பேசியிருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. இருவர் சொன்னதும் அவரவர் காலடியில் இருந்த செடிக்குச் சரிதான்.

அம்மா சாப்பிட்டது அம்லோடிபின்தான். ஆனியில் அளவைக் கூட்டியிருந்தார்கள், வீக்கம் தொடங்கியதும் அதன் பிறகுதான். பரிசோதனை முடிவுகளைக் கொண்டுபோய் அவருடைய மருத்துவரிடம் காட்டினோம். சிறுநீரகம், இரத்தம் எல்லாம் அளவுக்குள் இருக்கின்றன என்று சொல்லி, வேறு மாத்திரைக்கு மாற்றினார். இரண்டு வாரத்தில் பாதம் பெருமளவு வடிந்துவிட்டது. மாலையில் செருப்பு வாரின் தடம் இப்போது பதிவதில்லை. கஷாயம் வைக்கவே இல்லை.

புதிய மாத்திரை டெல்மிசார்டன் என்பதால், கடைசலில் கலந்து உண்பது பற்றியும் அவரிடமே கேட்டேன். பொட்டாசியத்தை மறுபடி ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை அம்மாவுக்கு வேண்டாம் என்றார். ஆகவே போன ஞாயிறு எங்களுக்கு மட்டும் மூக்கிரட்டை சேர்த்துக் கடைந்தோம். அம்மாவுக்குப் பண்ணைக்கீரையைத் தனியாக ஆக்கினோம். மத்தை அம்மாதான் பிடித்தார்.

இன்னும் ஒரு கேள்வி. வாசல் கடவு ஓரத்தில் ஒரு செடி, பூ மூக்கிரட்டையைப் போலவே இருக்கிறது, ஆனால் படராமல் முழங்கால் உயரம் நிமிர்ந்து நிற்கிறது. காய் வேட்டியில் ஒட்டவில்லை. இது மூக்கிரட்டையில் இன்னொரு வகையா?

கோபி ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியர்:

அம்மா நலமடைந்தது மிக்க மகிழ்ச்சி, தம்பி. நீங்கள் சொல்வது போயர்ஹாவியா எரெக்டா. அதே பேரினம்தான், ஆனால் வேறு இனம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் சாலையோரங்களில் நிலைத்துவிட்ட களை. காயின் தலை மழுங்கி, வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். பசைமயிர் கிடையாது, அதனால்தான் ஒட்டவில்லை. நம் மருத்துவம் சொல்லும் மூக்கிரட்டை அது அல்ல. கீரைக்கும் எடுக்க வேண்டாம்.

தோண்டிய அந்த ஒரு வேரை எறிந்துவிடாதீர்கள். தலைப்பகுதி ஒரு சாண் இருந்தால் கிளுவை வேலி ஓரமாகப் புதைத்து வையுங்கள், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும்.